பெங்களூர் வீட்டு கிச்சன்ல பிலிப்பினோ சாப்பாடு: எதுல ஆரம்பிக்கலாம்

இந்திராநகர், கோரமங்களா பக்கம் போனா தாய், கொரியன், வியட்நாம்னு வரிசையா கடை இருக்கு, பிலிப்பினோ சாப்பிடணும்னா நாமளே அடுப்ப பத்த வைக்கிறதுதான் சுலபம். ருசி இல்லாததால பரவலன்னு நெனச்சிராதீங்க. தாய்லாந்து கவர்மென்ட் 2002லயே "குளோபல் தாய்"னு திட்டம் போட்டு வெளிநாட்ல ரெஸ்டாரன்ட் தொறக்கறவங்களுக்கு கை குடுத்துச்சு. பிலிப்பைன்ஸ்காரங்க நிறைய பேர் நர்ஸாவும் கப்பல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனவங்க, அமெரிக்கா ஆண்ட நாடுங்கறதால இங்கிலீஷும் தெரியும், சம்பளம் வந்துரும், அப்புறம் கடை போட்டுத்தான் பொழைக்கணும்னு என்ன தலையெழுத்து? வெளிநாட்ல பேர் வாங்குன பிலிப்பைன்ஸ் ஃபாஸ்ட்ஃபுட் கம்பெனி ஜாலிபீல முக்கியமா விக்கறதும் ஃப்ரைடு சிக்கனும் இனிப்பு ஸ்பகெட்டியும்தான். மிச்ச பேர பயமுறுத்த இருக்கவே இருக்கு பலூட் வீடியோ, பலூட்னா உள்ள கரு வளர்ந்த வாத்து முட்டை.

அதனால ஃபிரெண்ட்ஸ சாப்பிட கூப்பிட்டா பலூட் பேச்சே வேணாம். சினிகாங்ல ஆரம்பிங்க, புளி போட்ட சூப், நம்மாளுக்கு ரசம் மாதிரி சட்டுனு பிடிச்சுரும். அரிசிய ரெண்டாவது வாட்டி களையற தண்ணிய கீழ ஊத்தாம எடுத்து வைங்க, அவங்க ஊர்லயும் இதுக்கு அதுதான் அடிப்படை, குழம்பு லேசா வழவழன்னு வரும். அதுல வெங்காயம், தக்காளி, மெல்லிசா வெட்டுன முள்ளங்கி போட்டு கொதிக்க விட்டு, முள்ளங்கி வெந்ததும் புளிக்கரைசல், வெண்டைக்காய், கீறாத பச்சமிளகா ரெண்டு, கடைசில இறால். இறால் சுருண்டு செவந்ததும் ஒரு கைப்பிடி கீரைய போட்டு அடுப்ப அணைச்சிருங்க, அங்க வள்ளைக்கீரை போடுவாங்க, கெடைக்கலன்னா பசலை போதும். உப்புக்கு பதிலா ஃபிஷ் சாஸ். தாளிக்கணும்னு கை பரபரக்கும், கடுகு டப்பாவ தள்ளி வைங்க, மஞ்சளும் வேணாம்.

அடுத்து அடோபோ, வினிகர்லயும் சோயா சாஸ்லயும் வேக வைக்கற கறி. ஒரு கிலோ சிக்கனுக்கு அரை கப் வினிகர், அரை கப்புக்கு கொஞ்சம் கம்மியா சோயா சாஸ், ஒரு முழு பூண்டு தட்டி, முழு மிளகு ஒரு ஸ்பூன், பே லீஃப் ரெண்டு மூணு. இங்கதான் நிறைய பேர் சொதப்பறாங்க. மளிகைக்கடைல கெடைக்கற வெள்ளை சிந்தெடிக் வினிகர் மூக்க பிடுங்கும், கோவா, மங்களூர் சாமான் விக்கற கடைல தென்னங்கள்ளு வினிகர் கேளுங்க. டார்க் சோயா ஊத்துனா எல்லாம் கரியாயிரும், லைட் சோயாதான். பிரியாணிக்கு போடற இலை வேற, அது பட்டை வாசனை அடிக்கும், அத போடறதுக்கு இலையே இல்லாம செய்யலாம். வினிகர் ஊத்துனதும் கிளறாதீங்க, தெறந்து வச்சு நல்லா ஒரு கொதி வரட்டும், பச்ச வாடை போனப்புறம் மூடி போட்டு சிம்ல வேக விடுங்க. கடைசில மூடிய எடுத்து சாறு கறில ஒட்டற அளவுக்கு வத்த விடுங்க.

பார்க்க ஒரே பிரவுனா இருக்கும், உண்மைதான், ஃபோட்டோக்கு எடுபடாது, இந்த சாப்பாடு பரவாததுக்கு இதுவும் ஒரு காரணம்னு எனக்கு தோணும். ஆனா சிகாகோல கசாமாங்கற பிலிப்பினோ கடைக்கு 2022ல மிஷலின் ஸ்டார், அதான் ரெஸ்டாரன்ட்டுக்கு குடுக்கற பெரிய கௌரவம், வந்துச்சு, ஆக கலர் ஒண்ணும் தடையில்ல. ஸ்டார்ட்டரா மட்டும் வைக்காதீங்க, புளிப்பும் உப்பும் தூக்கலா இருக்கறதால தனியா சாப்பிட்டா ஓவரா தெரியும், சூடான வெள்ளை சோறு நெறைய வேணும். வெஜ் ஆளுங்களுக்கு சிக்கன் இல்லாம இதே சாறு தனியா வச்சு பச்ச காராமணிக்காய நீளமா வெட்டி போடுங்க, அங்கயும் செய்வாங்க.

மிச்சம் இருந்தா விடுங்க, வினிகர் இருக்கறதால ஃபிரிட்ஜ்ல மறுநாளும் நல்லாருக்கும், புளிப்பும் கறிக்குள்ள நல்லா எறங்கியிருக்கும். காலைல பூண்ட பொடிசா நறுக்கி எண்ணெய்ல சிவக்க வறுத்து பழைய சோத்த போட்டு பெரட்டி, பக்கத்துல ஒரு முட்டையும் அந்த அடோபோவும் வச்சா டிபன் முடிஞ்சுது.