டெக்சஸுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? பள்ளி, சர்ச், தேர்தல் பற்றிச் சில குறிப்புகள்

டாலஸ் பக்கம் வீடு பார்க்கும்போது பள்ளியின் மதிப்பெண், கோயில் எத்தனை மைல், இந்திய மளிகைக் கடை எங்கே என்றெல்லாம் விசாரித்திருப்பீர்கள். ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்க மக்கள் தேர்ந்தெடுக்கும் குழுவான பள்ளி வாரியத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டிருக்க மாட்டீர்கள். ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் என்று வந்து இறங்கும் நம்மவர்கள் இரவெல்லாம் வெள்ளை மாளிகைச் செய்திகளைப் பார்க்கிறார்கள். ஆனால் கிறிஸ்தவ அடிப்படைவாதத்தின் அரசியல் உங்கள் வீட்டுக்கு வந்து சேரும் வழி பிள்ளையின் புத்தகப் பைதான்.

வந்த முதல் மாதத்திலேயே பக்கத்து வீட்டுக்காரர் “எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்?” என்று கேட்கக்கூடும். பதறாதீர்கள். நம் ஊரில் “எந்த ஊர்?” என்று கேட்பதைப்போல, தென்மாநிலங்களில் இது அறிமுகப் பேச்சு. “நாங்கள் இந்துக்கள்”, “எங்களுக்குத் தமிழ்ச் சபை இருக்கிறது”, எதைச் சொன்னாலும் பெரும்பாலும் மரியாதையாகவே கேட்டுக்கொள்வார்கள். கோடையில் பிள்ளைகளை ஒரு வாரம் வி.பி.எஸ்.ஸுக்கு (சர்ச் நடத்தும் விடுமுறை பைபிள் பள்ளி) அனுப்பச் சொல்லி அழைப்பு வரும். நெல்லையிலும் நாகர்கோவிலிலும் வளர்ந்தவர்களுக்கு அது தெரிந்த சங்கதிதான். மற்றவர்கள் அதை இலவசக் கோடை முகாம் என்று எண்ணி அனுப்பிவிட்டு, பிள்ளை பைபிள் பாட்டோடு வீடு திரும்பியதும் திகைக்க வேண்டாம். மறுப்பதென்றால் ஒரு நன்றி சொன்னால் போதும்.

அமெரிக்கக் கிறிஸ்தவர்கள் என்றதும் நமக்கு மிஷனரிகள் தொடங்கிய வேலூர் மருத்துவமனையும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியும் நினைவுக்கு வரும். பைபிளின் ஒவ்வொரு வரியும் பிழையற்றது என்று கொள்ளும் அடிப்படைவாதம் வேறொரு கிளை. 1910 முதல் 1915 வரை, லாஸ் ஏஞ்சலிஸ் எண்ணெய் முதலாளி லைமன் ஸ்டூவர்ட்டின் பணத்தில் ‘தி ஃபண்டமென்டல்ஸ்’ என்று பன்னிரண்டு தொகுதிகள் அச்சாகி இலவசமாக விநியோகிக்கப்பட்டன. இயக்கத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. 1925-இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் என்ற சிற்றூரில், பரிணாமக் கொள்கையைப் பாடமாக நடத்திய ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். வழக்கில் வென்றும் நாடெங்கும் கேலிக்கு ஆளான இயக்கம், பொது மேடையிலிருந்து பெரும்பாலும் ஒதுங்கித் தன் கல்லூரிகளையும் வானொலிகளையும் வளர்த்துக்கொண்டிருந்தது.

அது மீண்டும் அரசியலுக்கு வந்த கதையைக் கருக்கலைப்போடு தொடங்குவார்கள். கதை அவ்வளவு நேரானதல்ல. சில சூழல்களில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டங்களை ஆதரித்து 1971-இல் தீர்மானம் போட்டது, தென்மாநிலங்களில் வேரூன்றிய பழமைவாதச் சபையான சதர்ன் பாப்டிஸ்ட் சபைதான்! இனப் பாகுபாடு காட்டிய கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களின் வரிவிலக்கில் மத்திய அரசு கைவைத்ததே தலைவர்களை முதலில் உசுப்பியது என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் வரிவிலக்கை இழந்தது 1976-இல். உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 1983-இல். அந்த வாதத்தை ஏற்காதவர்களும் உண்டு. எனக்கென்னவோ இரண்டு காரணங்களும் சேர்ந்தே வேலை செய்தன என்றுதான் படுகிறது.

1979-இல் போதகர் ஜெர்ரி ஃபால்வெல், கிறிஸ்தவ வாக்குகளைத் திரட்ட ‘மாரல் மெஜாரிட்டி’ அமைப்பைத் தொடங்கினார். மறு ஆண்டு ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான போதகர்களும் விசுவாசிகளும் திரண்ட கூட்டத்தில் அதிபர் வேட்பாளர் ரொனால்ட் ரேகன், “நீங்கள் என்னை ஆதரித்து அறிவிக்க முடியாது, நான் உங்களை ஆதரிக்கிறேன்” என்ற பொருளில் பேசிக் கைதட்டல் வாங்கினார். கூட்டம் நடந்தது நீங்கள் வந்து இறங்கியிருக்கும் இதே டாலஸில். அன்றிலிருந்து வெள்ளை எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களின் (அடிப்படைவாதிகளையும் உள்ளடக்கிய புராட்டஸ்டண்ட் பிரிவினர்) வாக்கு குடியரசுக் கட்சியின் முதுகெலும்பு. டிரம்ப்புக்கு மூன்று தேர்தல்களிலும் அவர்களில் ஏறக்குறையப் பத்துக்கு எட்டுப் பேர் வாக்களித்தார்கள். அதே பைபிளை அதே பக்தியோடு வாசிக்கும் கறுப்பினச் சபைகளில் பெரும்பான்மையோர் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள். ஆகவே சிலுவை மாட்டிய வீட்டைப் பார்த்ததும் கட்சியைக் கணித்துவிடாதீர்கள்.

1988-இல் அதிபர் வேட்பாளராக முயன்று தோற்ற தொலைக்காட்சிப் போதகர் பேட் ராபர்ட்சன், அடுத்த ஆண்டு ‘கிறிஸ்டியன் கோயலிஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பள்ளி வாரியம், நகரமன்றம் போன்ற சிறிய நாற்காலிகளிலிருந்து மேலே ஏறுவது அதன் உத்தி. டெக்சஸில் பள்ளி வாரியத் தேர்தல் பெரும்பாலும் மே மாத முதல் சனிக்கிழமையில் வரும். நூற்றுக்குப் பத்துப் பேர் வாக்களித்தாலே அதிகம். எனவே ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் கூடும் கூட்டத்துக்கு இங்கே பலம் அதிகம். 2022 மே மாதம், கிரேப்வைனைச் சேர்ந்த ‘பேட்ரியட் மொபைல்’ என்ற கிறிஸ்தவ கைப்பேசி நிறுவனத்தின் அரசியல் குழு நான்கு பள்ளி மாவட்டங்களில் (ஒரே வாரியத்தின் கீழ் வரும் பள்ளிப் பகுதிகள்) வாரியத்துக்குப் போட்டியிட்ட 11 பேரை ஆதரித்தது. 11 பேரும் வென்றார்கள். அந்த நான்கில் ஒன்றான மான்ஸ்ஃபீல்டில் 2025-இல் பழமைவாத உறுப்பினர்கள் பதவியிழந்தார்கள். சில நூறு பேர் கூடுதலாக வந்தாலே இப்படிப்பட்ட தேர்தல்கள் புரண்டுவிடும்.

இனி வகுப்பறைக்கு வருவோம். காலையில் பிள்ளைகள் நெஞ்சில் கைவைத்து இரண்டு உறுதிமொழி சொல்வார்கள்: ஒன்று நாட்டுக்கொடிக்கு, மற்றது டெக்சஸ் கொடிக்கு. இரண்டிலும் ‘கடவுளின் கீழ்’ என்ற சொல் உண்டு. முதலாவதில் 1954-இலும் இரண்டாவதில் 2007-இலும் சேர்த்தார்கள். பிறகு ஒரு நிமிட மௌனம். வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்து உறுதிமொழியிலிருந்து பிள்ளைக்கு விலக்குப் பெறலாம். நம்மவர்களில் அநேகர் கேட்பதில்லை. கேட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

2024 நவம்பரில் மாநிலக் கல்வி வாரியம் பைபிள் கதைகள் கலந்த ‘புளூபானெட்’ தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தை 8-க்கு 7 என்ற வாக்கில் ஏற்றது. கட்டாயமில்லை; ஆனால் ஏற்கும் மாவட்டத்துக்கு மாணவருக்கு 60 டாலர் வரை கிடைக்கும். உங்கள் பள்ளியில் எது நடக்கிறது என்று ஆசிரியரிடம் நேராகவே கேளுங்கள். 2025-இல் வந்த இன்னொரு சட்டம் ஒவ்வொரு வகுப்பறையிலும் பைபிளின் பத்துக் கட்டளைகளை ஒட்டச் சொல்கிறது. 16-க்கு 20 அங்குலத்துக்குக் குறையாத சுவரொட்டி. வேறு தெய்வங்கள் கூடாது, விக்கிரகம் செய்யாதே என்ற வரிகளும் அதில் உண்டு. பூஜையறை உள்ள வீட்டுப் பிள்ளை அதை வாசித்துவிட்டு மாலையில் வந்து கேள்வி கேட்கும். பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஃபெடரல் நீதிபதி ஒருவர் 11 மாவட்டங்களில் சட்டத்துக்குத் தடை விதித்தார். வழக்குத் தொடுத்தவர்களில் யூதர், இந்து, கிறிஸ்தவர், மத நம்பிக்கையற்றவர் எல்லாரும் இருந்தார்கள்.

கருவுற்றிருப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கருக்கலைப்பு அரசியல் சட்ட உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 24 அன்று தீர்ப்பளித்த பின் டெக்சஸில் கருக்கலைப்பு ஏறக்குறைய முழுமையாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. தாயின் உயிருக்கு ஆபத்து போன்ற மருத்துவ அவசரத்துக்கே விலக்கு. கருவில் கடுமையான குறை தெரிந்தாலும் விலக்கு இல்லை. எனவே ஸ்கேன்களைத் தள்ளிப்போடாதீர்கள். இலவச ஸ்கேன் என்று பலகை வைத்திருக்கும் கர்ப்ப உதவி மையங்களில் பல, கிறிஸ்தவ அமைப்புகள் நடத்துபவை. அவை மருத்துவமனைகள் அல்ல. முடிவெடுக்க வேண்டிய கட்டத்தில் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள்.

வாக்குச்சாவடி பல இடங்களில் சர்ச் கூடத்திலேயே இருக்கும். வாசலிலிருந்து 100 அடிக்குள் பிரசாரம் கூடாது. அதற்கு அப்பால் அட்டைகள் வரிசையாக நிற்கும். 1954-ஆம் ஆண்டு வரிச்சட்டத் திருத்தத்தின்படி வரிவிலக்குப் பெற்ற சர்ச்சுகள் வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது. அந்த விதி பல போதகர்களின் வாயைக் கட்டிவிடவில்லை என்பது ஊரறிந்தது. அதே விதி, அந்த வகை வரிவிலக்கு வாங்கியிருக்கும் நம் கோயில்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் உண்டு. பொங்கல் விழா மேடையில் வேட்பாளரை ஏற்றி வாக்குக் கேட்கவைக்கும் பொறுப்பாளர்கள் கவனிக்கட்டும்.

விசாவில் இருப்பவரும் பள்ளி வாரியக் கூட்டத்தில் பெயர் பதிந்து பேசலாம்; அதற்குக் குடியுரிமை தேவையில்லை. தேர்தல் நன்கொடை கொடுக்கக் கிரீன் கார்டாவது வேண்டும். வாக்கு குடிமக்களுக்கு மட்டும். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது வாக்காளராகப் பதிய விருப்பமா என்று கேட்பார்கள். குடியுரிமை பெறும்வரை அங்கே ‘ஆம்’ என்று குறித்துவிடாதீர்கள். குடிமகன் என்று பொய் சொன்னதாக எடுத்துக்கொண்டால் நாடுகடத்தல் வரை போகும்.