உள்ளூருக்குக் காய்கறி விளைவிக்கும் குடும்பப் பண்ணை: தொடங்கும் முறை

பண்ணை தொடங்குவதற்கு முன், உங்களிடம் தவறாமல் காய் வாங்கக்கூடிய வீடுகளையும் உணவகங்களையும், அவர்கள் வாரந்தோறும் சமைக்கும் காய்களையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பயிரை எவ்வளவு இடத்தில் வைப்பது என்பதை அந்தப் பட்டியலே முடிவு செய்யும். ஒரு ஏக்கர் கையில் இருந்தாலும், கணவன் மனைவி இருவர் மட்டும் பாடுபடும் குடும்பம் முதல் ஆண்டில் முப்பது சென்ட்டில் காய்கறி வைத்து, மீதியில் உளுந்தோ தட்டைப்பயறோ விதைப்பது நல்லது. வெண்டைக்காயை ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும் என்பதால், பறிப்புக்கு ஆள் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே பரப்பைக் கூட்ட வேண்டும்.

மண் மாதிரியை 15 செ.மீ. ஆழத்தில் பல இடங்களில் எடுத்துக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவை மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள். ஆடிப்பட்டத்துக்கு முன் பசுந்தாள் உரப் பயிர்களான தக்கைப்பூண்டு அல்லது சணப்பை விதைத்து, பூக்கும் தருவாயில் மடக்கி உழுதால் அடியுரச் செலவு குறையும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியம் உண்டு. சிறு, குறு விவசாயி என்பதற்கான சான்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே பெற்றுவிடுங்கள்.

ஊருக்கு விற்கும் பண்ணையைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் விதைப்புக் கணக்குதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்தால் ஒரு மாதம் காய் மலிந்து, அடுத்த மாதம் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார். சிறுகீரை ஏறத்தாழ 25 நாளில் பறிப்புக்கு வருவதால், கீரைக்கான இடத்தை நான்கு பாத்திகளாகப் பிரித்து, விதையை மணலுடன் கலந்து வாரம் ஒரு பாத்தியில் தூவ வேண்டும். அரைக்கீரையை மீண்டும் மீண்டும் அறுக்கலாம் என்பதால் அதற்கு ஒரு பாத்தியே போதும். வெண்டை விதைத்து ஏறத்தாழ 45 நாளில் காய்க்கத் தொடங்கும். முதல் விதைப்பு காய்க்கத் தொடங்கும் நேரத்தில் அடுத்ததை விதைத்தால் இடைவெளி விழாது. மாதக்கணக்கில் காய்க்கும் கத்தரியை நாற்று விட்டு நடுங்கள். சுரை, பீர்க்கு, புடலைக்கு ஒரே பந்தலும், வரப்போரம் முருங்கையும் அகத்தியும் போதும். விலை ஏறிய செய்தியைக் கேட்டு நிலம் முழுவதும் தக்காளி நடும் ஆசை வரும். அது சந்தை வியாபாரியின் கணக்கு, நமக்கு ஒத்துவராது.

பூச்சிக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி, ஓரத்தில் சோளம், தக்காளிக்கு இடையே செண்டுமல்லி, தேவைப்பட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல் என்ற அளவில் தொடங்கலாம். உண்பவர்கள் அக்கம்பக்கத்தார் என்பதால், மருந்து அடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால் பறிப்புக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

முதல் நாள் மாலையே வீடுகளிலிருந்து தேவையைக் கேட்டுக்கொண்டு, விடியற்காலையில் அந்த அளவுக்குப் பறித்துக் கொடுங்கள். மிஞ்சுவதை விற்க, 1999-இல் மதுரையில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய உழவர் சந்தை இருக்கிறது; அங்கே கடை போட விவசாயி அடையாள அட்டை வேண்டும். அதை வழங்குமுன் அதிகாரிகள் உங்கள் சாகுபடியைச் சரிபார்ப்பார்கள் என்பதால், பயிர் நிலத்தில் நிற்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.