செம்பருத்தியில மாவுப்பூச்சி, எனக்கு பலன் குடுத்தது இதுதான்

மாடியில ஷேட் நெட்டுக்குள்ள இருக்குற செம்பருத்தி, கத்தரி ரெண்டுலயும் கொழுந்து சுருண்டு வெள்ளை வெள்ளையா பஞ்சு மாதிரி அப்பிடுச்சு. மாவுப்பூச்சிதான். ரொம்ப மோசமான கிளைய வெட்டி கவர்ல கட்டி வெளியேத்திட்டு, மிச்சத்துக்கு ஹோஸ்ல வேகமா தண்ணி பீய்ச்சி அடிச்சேன், பாதி அதுலயே உதிர்ந்துடும்.

அப்புறம் 1 லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். காதி சோப்ப முதல்ல கரைச்சு அதுல எண்ணெய ஊத்தி பால் மாதிரி ஆகுற வரை கலக்கணும், இல்லனா எண்ணெய் தனியா மிதக்கும், இலை கருகும். சாயங்காலம் மட்டும், இலைக்கு அடியில நல்லா படுற மாதிரி, வாரம் ஒருக்கா.

ஆனா எறும்ப விட்டுட்டா எல்லாம் வீண்ங்க. பூச்சி விடுற இனிப்பு நீருக்காக எறும்பே அதுக்கு காவல் நிக்குது, நன்மை செய்யுற பூச்சிய கிட்ட விடாது. தண்டுல துணி சுத்தி மேல கிரீஸ் தடவினதும்தான் நிலைமை மாறுச்சு.

இன்னொண்ணு, பொறிவண்டுல ஒரு வகையோட புழுவும் மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையா இருக்கும், கொஞ்சம் பெருசு, வேகமா ஓடும். தயவுசெஞ்சு அத நசுக்காதீங்க, அது மாவுப்பூச்சியத்தான் தின்னுது. அது தென்பட்டா ஸ்பிரேய நிறுத்திடுவேன். 2008ல தமிழ்நாட்டுக்குள்ள வந்த பப்பாளி மாவுப்பூச்சிய அடக்கினதும் மருந்து இல்ல, 2010ல கொண்டுவந்து விட்ட, மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை வச்சு அத கொல்லுற குட்டி ஒட்டுண்ணி குளவிதான்.