உறைமழையும் பின்னாலேயே கடுங்குளிரும்: டல்லாஸ் பக்கம் புதிதாக வந்தவர்கள் செய்ய வேண்டியவை

டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸை ஒட்டிய இர்விங், ஃப்ரிஸ்கோ, பிளேனோ பக்கம் முதல் குளிர்காலத்தைப் பார்க்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜனவரியிலேயே சில நாள் 70 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில் அடிக்கிற ஊர் இது. அதனாலேயே இங்குள்ள வீடுகள் கடுங்குளிருக்காகக் கட்டப்படவில்லை.

2021 பிப்ரவரியில் நடந்த வரிசையைக் கவனியுங்கள். 11ஆம் தேதி காலை ஃபோர்ட் வொர்த்தில் ஐ-35 டபிள்யூ சாலையில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் படிந்து, 130க்கும் மேற்பட்ட வண்டிகள் மோதிக்கொண்டதில் 6 பேர் இறந்தார்கள். ஐந்தே நாளில், 16ஆம் தேதி, டல்லாஸ் விமான நிலையத்தில் மைனஸ் 2 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 19 செல்சியஸ். மின்நிலையங்களும் எரிவாயுக் கருவிகளும் உறைந்து, லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் போனது. மாநில அரசின் கணக்குப்படி டெக்சாஸில் 246 பேர் இறந்தார்கள்; அதில் 161 பேர் குளிர் தாக்கியே.

முதலில் ஐஸ் சாலையை அடைக்கும், அப்புறம் குளிர் வரும். குளிர் வந்த பிறகு கடைக்கு ஓட வழி இருக்காது. ஆகவே எல்லா வேலையும் முதல் துளி விழுவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும்.

படி 1: அறிவிப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

தேசிய வானிலைச் சேவை ‘ஐஸ் ஸ்டார்ம் வார்னிங்’ கொடுத்தால், புயல் வருவது கிட்டத்தட்ட உறுதி. ‘வாட்ச்’ என்றால் வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் வேலையைத் தொடங்க வேண்டியது அப்போதே. கடுங்குளிருக்கு ‘எக்ஸ்ட்ரீம் கோல்ட் வார்னிங்’ தனியாக வரும்.

செயலியில் “31 டிகிரி, மழை” என்று பார்த்துவிட்டு, பனி இல்லையே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். மேலே இளஞ்சூடான காற்று, தரையோரம் 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (தண்ணீர் உறையும் நிலை) கீழே குளிர்ந்த காற்று என்று இருந்தால், துளி தண்ணீராகவே இறங்கி, தொட்ட இடத்தில் உறையும். கிளை, மின்கம்பி, படிக்கட்டு எல்லாவற்றிலும் கண்ணாடி பூசியது போல ஏறும். கால் அங்குலம் ஏறினாலே கிளைகள் முறிந்து கம்பி மேல் விழத் தொடங்கும். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் ஆஸ்டினில் அப்படித்தான் பல நாள் இருட்டு. பாலங்களுக்கு அடியிலும் குளிர்காற்று ஓடுவதால் அவைதான் முதலில் உறையும். மழை தொடங்கிவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள்.

படி 2: தண்ணீர் பைப்பைக் காப்பாற்றுங்கள்

பெரிய செலவு வைப்பது இதுதான். இங்கே பல வீடுகளில் பைப் பரண் வழியாகவும் வெளிச்சுவருக்குள்ளும் ஓடுகிறது. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். அந்த அழுத்தத்தில் பைப் வெடிக்கும். வெளியே 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகும் என்றால் கட்டாயம் இதையெல்லாம் செய்யுங்கள்.

முதலில் மெயின் வால்வு எங்கே என்று பகல் வெளிச்சத்தில் தேடிப் பிடியுங்கள். பெரும்பாலும் ரோட்டோரப் புல்லில், மீட்டர் பெட்டியின் மூடிக்குக் கீழே இருக்கும். மூடியைத் திறந்து, மண்ணை ஒதுக்கி, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று பார்த்து, வீட்டில் இன்னொருவருக்கும் காட்டிவிடுங்கள். சில வால்வுக்குக் கை போதாது. டி வடிவச் சாவி வாங்கி வையுங்கள். அபார்ட்மென்ட்காரர்கள் லீசிங் ஆபீஸில் அவசர எண்ணை வாங்கிக்கொண்டால் போதும்.

அடுத்தது தோட்டக் குழாய். ஹோஸைக் கழற்றிவிட்டு ஃபோம் மூடி மாட்டுங்கள். எச்சரிக்கை வந்த அன்றே மூடி கடையில் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் பழைய துண்டைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டி டேப் ஒட்டுங்கள்.

உள்ளே, வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்குகளின் அடிக்கதவுகளைத் திறந்து வையுங்கள். சூடு தண்ணீர், பச்சைத் தண்ணீர் இரண்டிலும் நூல் மாதிரி சொட்ட விடுங்கள். தண்ணீர் வீட்டுக்குள் நுழையும் இடத்திலிருந்து தூரத்தில் இருக்கும் குழாயை மறக்காதீர்கள். வாட்டர் பில் கொஞ்சம் ஏறும், ஏறட்டும். வெளிச்சுவரில் மாட்டிய டேங்க் இல்லாத ஹீட்டர் என்றால், கரண்ட் போனதும் அதன் உறைதடுப்பும் நின்றுவிடும். அதை எப்படி வடிப்பது என்று கையேட்டில் முன்னாலேயே பார்த்து வையுங்கள்.

படி 3: அடுப்பில்லாமல் சாப்பிட ஏற்பாடு

மின் அடுப்பு வீடுகளில் சமையல் நின்றுவிடும். புளிக்காய்ச்சல் கிளறி வையுங்கள், சப்பாத்தி சுட்டு அடுக்குங்கள். அவல் இருந்தால் தண்ணீரில் நனைத்துத் தயிரும் உப்பும் போட்டால் ஒரு வேளை ஆயிற்று. ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன் வீதம் குடிதண்ணீர், டாய்லெட்டுக்கு டப்பில் தண்ணீர். மூடியே இருந்தால் ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃபிரீஸர் 48 மணி நேரம்.

படி 4: கரண்ட் போன பிறகு, எதைக் கொளுத்தக் கூடாது

தயவுசெய்து இதை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். கரி கிரில், கேம்ப் ஸ்டவ், ஜெனரேட்டர் எதையும் வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ இயக்காதீர்கள். சூட்டுக்காக கேஸ் ஓவனைத் திறந்து வைக்காதீர்கள். கராஜில் காரை ஓடவிட்டு உட்காராதீர்கள்; கதவு திறந்திருந்தாலும் கூடாது. ஊட்டி, கொடைக்கானலில் பூட்டிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்று செய்தியில் படித்திருப்பீர்கள். அதே கார்பன் மோனாக்சைடுதான் 2021இல் டெக்சாஸில் 19 பேரைக் கொன்றது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, தலைசுற்றல், வாந்தி ஒரே நேரத்தில் பலருக்கு வந்தால், உடனே வெளியே வந்து 911ஐ அழையுங்கள். பேட்டரியில் ஓடும் அலாரம் ஒன்று இன்றே வாங்குங்கள். ஜெனரேட்டர் இருந்தால் வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராமல் விலகிப் போகும்படி வையுங்கள்.

சூட்டுக்கு வழி இதுதான்: எல்லோரும் ஒரே சின்ன அறைக்குள் வந்துவிடுங்கள். கதவிடுக்கில் துண்டைச் செருகுங்கள், ஜன்னலில் போர்வை தொங்க விடுங்கள், ஒரே தடித்த ஸ்வெட்டருக்குப் பதில் மூன்று நான்கு மெல்லிய உடுப்புகளை அடுக்கிப் போடுங்கள்.

படி 5: ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பா

வயதானவர்களுக்கு உடம்பு சில்லிடுவது அவர்களுக்கே தெரியாது. பேச்சு குழறினால், தூக்கக் கலக்கமாக இருந்தால், உடம்புச் சூடு 95 டிகிரிக்குக் கீழே இறங்கினால், 911தான். சர்க்கரை உள்ளவர்களின் பாதத்தில் உணர்ச்சி குறைவாக இருக்கலாம். வெந்நீர்ப் பையை நேராக வைத்தால் வெந்துவிடும். இன்சுலின் உறைந்தால் அப்புறம் பயன்படாது. ஜன்னலோரம் வைக்காமல் உள்சட்டைக்கு மேல் ஒரு பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

படி 6: வெயில் திரும்பியதும்

வெடித்த பைப் பெரும்பாலும் ஐஸ் உருகும்போதுதான் ஒழுகும். குழாயில் தண்ணீர் வராவிட்டால், அதைத் திறந்தே வைத்துவிட்டு, கரண்ட் வந்தபின் ஹேர் டிரையரால் குழாய்ப் பக்கத்திலிருந்து பின்னோக்கிச் சூடு காட்டுங்கள். நெருப்பைக் காட்டாதீர்கள். கூரையில் ஈரத் திட்டு தெரிந்தால் மெயின் வால்வை மூடிவிட்டு, இன்ஷூரன்ஸுக்கு ஃபோட்டோ எடுங்கள். நகராட்சி தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னால், தளதளவென்று கொதித்த பிறகு 2 நிமிடம் விடுங்கள். ஃபிரிட்ஜ் ஃபில்டர் தண்ணீரும் ஐஸ் கட்டியும் அதுவரை வேண்டாம், பல் தேய்க்கக்கூட.