வெளியே சுற்றிப் பழகிய பூனையோடு வீடு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பூனையைக் காணோம் என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் நடந்திருப்பது ஒன்றுதான். பூனை இரவெல்லாம் கதவருகே உட்கார்ந்து கத்தியிருக்கும். இத்தனை நாள் இஷ்டம்போலச் சுற்றிய ஜீவனை இப்படி அடைத்து வைக்கலாமா என்று மனசு கேட்காமல், வீட்டில் யாரோ கதவைத் திறந்துவிட்டிருப்பார்கள். வீடு மாறும்போது நடக்கும் தவறுகளில் இதுதான் மிகப் பெரியது. பாசத்தால் செய்கிற தவறு என்பதால் தடுப்பதும் கஷ்டம்.

பூனையின் கன்னத்திலும் தாடையிலும் பாதத்தின் அடியிலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. கதவு நிலை, மேசைக்கால், நம் கால் என்று அது முகத்தைத் தேய்த்துக்கொண்டு போவதெல்லாம் ‘இது என் இடம்’ என்று பதிந்து வைப்பதுதான். வெளியே சுற்றும் பூனைக்கு அந்த இடம் வீட்டுச் சுவரோடு முடிவதில்லை. மதில், மாடி, பக்கத்து வீட்டுக் கொல்லை, எந்த நேரத்தில் எந்தப் பூனை எந்த வழியாக வரும் என்பது வரை அதற்கு அத்துப்படி. புது வீட்டில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. இந்த நிலையில் வெளியே விட்டால், முதல் சத்தத்துக்கே மிரண்டு ஓடி எங்காவது ஒளிந்துகொள்ளும். இல்லையென்றால் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பும். திரும்பி வரும் பாதை இன்னும் அதன் மனதில் பதியவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே குறைந்தது 3 வாரமாவது வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பயந்த சுபாவமுள்ள பூனை என்றால் 4 வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். நாள் கணக்கை மட்டும் நம்பாமல் பூனையையும் பாருங்கள். நன்றாகச் சாப்பிடுகிறதா, அறைகளில் வாலை உயர்த்திக்கொண்டு நடக்கிறதா, மூலைகளில் முகம் தேய்க்கிறதா, கூப்பிட்டால் வருகிறதா என்று கவனியுங்கள். இவை இல்லாமல் வெறும் 21 நாள் முடிந்துவிட்டதென்று கதவைத் திறப்பதும் அவசரம்தான்.

இதிலேயே இன்னொரு தவறான கணக்கு இருக்கிறது. “பக்கத்தில்தானே மாறுகிறோம், பூனைக்கு இந்தப் பகுதி பழக்கம்தானே” என்று சிலர் இரண்டே நாளில் வெளியே விட்டுவிடுவார்கள். உண்மையில் அதிகச் சிக்கல் தருவது குறைந்த தூரத்து மாற்றம்தான். ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் என்றால், பூனை கொஞ்சம் சுற்றினாலே பழகிய பாதையோ வாசனையோ தட்டுப்பட்டுவிடும். அதைப் பிடித்துக்கொண்டு நேராகப் பழைய வாசலுக்கே போய் நிற்கும், வழியில் எத்தனை வண்டிகள் ஓடும் சாலை இருந்தாலும் சரி. பக்கத்தில் மாறுகிறவர்கள்தான் உள்ளே வைத்திருக்கும் காலத்தை இன்னும் நீட்டிக்க வேண்டும்.

அடைத்து வைத்தால் கத்தும், கதவைப் பிறாண்டும். முதல் சில இரவுகள் உங்களுக்கும் தூக்கம் போகும். கத்தும்போது ஓடிப்போய்ச் சோறு வைப்பதும் திட்டுவதும் ஒரே பலனைத்தான் தரும்: கத்தினால் ஆள் வரும் என்று அது கற்றுக்கொள்ளும். அதற்குப் பதில், தூங்கப் போகும் முன் ஒரு கயிறையோ இறகையோ இழுத்து நன்றாக ஓடவிட்டு விளையாடுங்கள். களைத்த பிறகு அன்றைய கடைசிச் சாப்பாட்டை வையுங்கள். பகலில் வெளியே பார்க்க ஜன்னலோரம் உயரமாக ஓர் இடம் இருக்கட்டும். அந்த ஜன்னலில் வலை உறுதியாக இருக்கிறதா என்று முதலிலேயே அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். மாடி வீடுகளில் பூனைகள் விழுந்து அடிபடுவது அரிதல்ல.

வந்த அன்றே முழு வீட்டையும் திறந்துவிடுவது இன்னொரு தவறு. எல்லா அறையும் ஒரே நேரத்தில் கிடைத்தால் பூனை அலமாரிக்குப் பின்னால் புகுந்துகொண்டு வெளியே வராது. ஒரே ஓர் அமைதியான அறையைக் கொடுங்கள். படுக்கை, தண்ணீர், சாப்பாடு, பிறாண்டும் கட்டை எல்லாம் அங்கேயே இருக்கட்டும். ஓர் அட்டைப்பெட்டியைச் சாய்த்து வைத்தால் ஒளிந்துகொள்ள இடமும் ஆயிற்று. அதற்குள் பதுங்கியிருக்கும்போது கையை விட்டு இழுக்காதீர்கள். நீங்கள் அறையில் சும்மா உட்கார்ந்து புத்தகம் படித்தால் போதும், அதுவாக வரும். அந்த அறை பழகிய பிறகு அடுத்த அறை.

புது வீட்டுக்குப் போகிறோமே என்று பூனையின் போர்வையைத் துவைத்து, பழைய படுக்கையைத் தூக்கி எறிந்து, எல்லாம் புதிதாக வாங்குகிறவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பழைய வாசனை மட்டுமே புது வீட்டில் பூனைக்குத் தெரிந்த ஒரே பொருள். ஒரு வாரத்துக்கு முன்பே துவைப்பதை நிறுத்திவிடுங்கள். ஒரு மென்மையான துணியால் பூனையின் கன்னத்தைத் தடவி, அதைப் புது வீட்டுக் கதவு ஓரங்களிலும் சோபாக் கால்களிலும் பூனை உயரத்தில் தேய்த்து வைத்தால் அந்த வாசனையைப் பரப்பலாம். இதையே செய்வதற்காகச் செயற்கை வாசனை பரப்பும் பெரோமோன் கருவிகளும் கிடைக்கின்றன. சில பூனைகளுக்கு உதவும். ஆனால் அது இருக்கிறதே என்று 3 வாரத்தை ஒரு வாரமாகக் குறைக்க வேண்டாம்.

வெளியே மண்ணில் போய்ப் பழகிய பூனைக்கு லிட்டர் ட்ரே, அதாவது வீட்டுக்குள் மலஜலம் கழிக்க மணல் போட்டு வைக்கும் தட்டு, என்றால் என்னவென்றே தெரியாது. புது வீட்டில் திடீரென்று அதன் முன் ட்ரேயை வைத்துவிட்டு, மூலையில் போய்விட்டதே என்று கோபப்படுவதில் நியாயமில்லை. பழைய வீட்டிலேயே பழக்கத்தைத் தொடங்குங்கள். முதலில் அது வழக்கமாகத் தோண்டும் அதே மண்ணை ட்ரேயில் போட்டு, நாளாக ஆகக் கடையில் வாங்கும் மணலைக் கலந்து மாற்றலாம். ட்ரேயைச் சாப்பாட்டுக்கு அருகில் வைக்காதீர்கள். தப்பான இடத்தில் போய்விட்டால் அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்க வேண்டாம். அந்த நெடி சிறுநீர் வாசனையைப் போலவே இருப்பதால் மறுபடி அங்கேயே போகும். சிறுநீர்க் கறையைச் சிதைக்கும் என்சைம் கலந்த சுத்திகரிப்பான் நல்லது. ஃபீனால் கலந்த கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சு. புது வீட்டை அவற்றால் கழுவியிருந்தால் நல்ல தண்ணீரில் மறுபடி கழுவிக் காயவிடுங்கள். முன்பு குடியிருந்தவர்கள் எலி மருந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்றும் மூலை முடுக்கெல்லாம் தேடுங்கள்.

சாமான் ஏற்றும் நாளில் எல்லாக் கதவும் திறந்து கிடக்கும், ஆட்கள் வந்து போவார்கள். அன்று பூனையைத் தேடுவது வீண். முந்தின இரவே ஓர் அறையைக் காலி செய்து, பூனையை உள்ளே வைத்துப் பூட்டி, கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். கடைசியாக ஏற்றுவது பூனையாக இருக்கட்டும், அதுவும் பூட்டிய கேரியரில் (பூனையை எடுத்துச் செல்லும் பெட்டியில்). என் பூனை மடியிலேயே அமைதியாக வரும் என்று நம்பிப் பயணம் செய்யக்கூடாது. ஒரு ஹாரன் சத்தம் போதும், கையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்துவிடும். கேரியரைச் சில வாரங்களுக்கு முன்பே வெளியே எடுத்து, உள்ளே போர்வை போட்டு, தின்பண்டம் வைத்துத் திறந்தபடி விட்டால் பயம் குறையும்.

‘சரியாகிவிடும்’ என்று விடக்கூடாதவை

இடம் மாறியதால் ஒருவேளை, இரண்டுவேளை சாப்பாட்டைத் தொடாமல் இருக்கலாம். முழுதாக ஒரு நாள் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுவிடுங்கள். பூனையின் உடல் பட்டினியைத் தாங்குவது வேறு விதம். சில நாள் சாப்பிடாமல் இருந்தால் உடலின் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். குண்டான பூனைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

கடுவன் பூனை ட்ரேயில் உட்கார்ந்து முக்குகிறது, சிறுநீர் வரவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். மன அழுத்தம் பூனையின் சிறுநீர்ப்பையைப் பாதிக்கும். கடுவனின் சிறுநீர்ப் பாதை குறுகலானது, அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மலச்சிக்கல் என்று நினைத்துத் தாமதித்துப் பூனையை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

முதல் முறை வெளியே

மைக்ரோசிப் (தோலுக்கடியில் பொருத்தும் சிறிய அடையாளச் சில்லு) போட்ட பூனை என்றால் அதன் 15 இலக்க எண்ணோடு பதிந்திருக்கும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டீர்களா? சிப் பூனை இருக்கும் இடத்தைக் காட்டாது. யாராவது பிடித்து ஸ்கேன் செய்தால் எண்ணைச் சொல்லும், அவ்வளவே. பழைய முகவரி இருந்தால் அதனால் பயனில்லை. கருத்தடை செய்யாத கடுவன் என்றால் அதையும் முன்பே முடித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் தூரம் போகும், ஏற்கெனவே அங்கிருக்கும் பூனைகளோடு சண்டைக்கும் நிற்கும்.

சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், பசியோடு இருக்கும்போது, பகலில், மழையில்லாத அமைதியான நேரமாகப் பார்த்துக் கதவைத் திறங்கள். தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்தின் நடுவில் விடாதீர்கள். அது தானே வாசலை மோந்து, தானே படி இறங்க வேண்டும். அப்போதுதான் திரும்பும் வழி அதற்குத் தெரியும். கதவு திறந்தே இருக்கட்டும், நீங்களும் பக்கத்தில் இருங்கள். 10, 15 நிமிடத்தில் சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தட்டிக் கூப்பிடுங்கள். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டலாம். இரவில் வெளியே விடுவதை நன்றாகப் பழகும்வரை தள்ளிப்போடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் காணாமல் போனால், தொலைவில் தேடிக்கொண்டு நேரத்தை விடாதீர்கள். காணாமல் போன பூனைகளைப் பற்றி 2018-ல் வெளியான ஆய்வில், கண்டுபிடிக்கப்பட்டவற்றில் 75 சதவீதம் தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்திருந்தன. பயந்த பூனை நீங்கள் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. அக்கம்பக்கத்து வண்டிகளுக்கு அடியிலும், ஷெட்டுகளிலும், மாடிப்படிக்குக் கீழும் டார்ச் அடித்துப் பாருங்கள். இருட்டில் கண் மின்னும். பழைய வீட்டில் இப்போது இருப்பவர்களிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து, பூனை வந்தால் சாப்பாடு போடாமல் உடனே கூப்பிடச் சொல்லுங்கள். இரக்கப்பட்டு ஒருவேளை போட்டால்கூட, அடுத்த முறையும் அங்கேதான் போகும். பிடித்துக்கொண்டு வந்த பிறகு வீட்டுக்குள் வைத்திருக்கும் காலத்தை முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.