புத்தகக் கூட்டத்துக்கு அரிசிம்பருப்பு போதும்

நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு நாவலைப் பேசப் போகிறீர்களா? சமையலைச் சுருக்குங்கள். இடியாப்பம் மாதிரியான சந்தகை பிழிந்து போட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பேச்சு கூடத்தில் நடக்கும், கூப்பிட்டவர் அடுப்படியில் நிற்பார். நம் கொங்குப் பக்கத்து அரிசிம்பருப்பு சாதம்தான் இதற்குத் தோது.

8 பேருக்கு 4 டம்ளர் அரிசி, 1 டம்ளர் துவரம்பருப்பு. பெரிய குக்கரில் எண்ணெய் விட்டு கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் 2 கையளவு, தட்டிய பூண்டு, தக்காளி வதக்கி, மஞ்சள்தூள் போட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். இதெல்லாம் ஆட்கள் வரும் முன்பே முடிகிற வேலை. பேச்சின் நடுவில் எழுந்து அரிசி பருப்பைக் கழுவி ஊறப்போடுங்கள். அரைமணி கழித்து, 12 டம்ளர் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கொதித்ததும் அரிசியைக் கொட்டி மூடினால் 3 விசில். ஆவி அடங்குவதற்குள் கடைசி ஆளும் பேசிவிடலாம். நெய், தயிர், அப்பளம் வருகிறவர்கள் பொறுப்பு.

சாப்பாட்டை முதலில் போட்டுவிடாதீர்கள், அப்புறம் கொட்டாவிதான்.

புத்தகம் எது என்று குழம்பினால், ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’. 1942இல் வந்தது. சின்ன நாவல், படிக்கவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. நிலத்தில் பங்கு கேட்கும் விதவையின் கதை. எங்கள் ஊர்ப்பக்கம் இதைப் பேச எடுத்தால் ஆளாளுக்கு ஒரு நியாயம் வைத்திருப்பார்கள். கூடவே இன்னொரு டம்ளர் அரிசி போட்டுக்கொள்வது நல்லது.