மதிப்பீட்டாளர் வருவதற்கு முன்

அரசுச் செலவில் முதியவர் இருக்கும் ஒரு வீட்டுக்கு எத்தனை மணி நேரம் பராமரிப்பாளரை அனுப்பலாம் என்று மதிப்பிடுவது என் வேலை. எல்லாருக்கும் ஒரே நேரம் கொடுப்பது நியாயமாகாது. தேவை எவ்வளவோ அவ்வளவு. அந்தத் தேவை என் கண்ணில் படவேண்டுமே!

பல மதிப்பீட்டுப் படிவங்களுக்கு அடிப்படை, 1963-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸின் குழு வெளியிட்ட ஆறு அன்றாடச் செயல்கள்: குளியல், உடுத்தல், கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து எழுந்து மாறி உட்காருவது, சிறுநீர்-மலக் கட்டுப்பாடு, சாப்பிடுவது. ஒரு வாரம் இவற்றை நோட்டில் குறித்து வையுங்கள். "அம்மாவால் முடியாது" என்று எழுதினால் எனக்குப் பிரயோஜனமில்லை. "ரவிக்கைக் கொக்கி மாட்ட இருபது நிமிடம், கடைசி இரண்டை நான்தான் மாட்டினேன்" என்றால் அதை நிமிடக் கணக்கில் சேர்ப்பேன். இரவு எழுப்பியதையும் விடாதீர்கள்.

நான் வரும் நாளில் பெரியவர்கள் தலைவாரி, நிமிர்ந்து உட்கார்ந்து, "எல்லாம் நானே பண்ணிக்குவேன் தம்பி" என்பார்கள். மானப் பிரச்சினை; அவர்கள் முன்னால் மறுத்துப் பேசாதீர்கள். நோட்டை நீட்டுங்கள், தனியாகப் பேச ஐந்து நிமிடம் கேளுங்கள்.

"மீதியை நான் பார்த்துக்கிறேன்" என்று மகளோ மருமகளோ வாய்தவறிச் சொன்னால், பராமரிப்பாளருக்கான நேரத்தில் அவ்வளவு குறைந்துவிடும். உங்களால் உண்மையில் செய்ய முடிவதை மட்டும் சொல்லுங்கள்.

முடிவு வந்ததும் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் என்று எழுத்தில் கேளுங்கள். தூக்க இரண்டு பேர் வேண்டுமென்றால் இருவர் நேரமும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மேல்முறையீட்டுக் கெடு பெரும்பாலும் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.